அத்தியாயம் 7: பதினேழு வயதுப் பெண்ணுக்கு 1914-ல் எத்தனை கதவுகள்?

தமிழில் சரித்திரக் காதல் என்று சொன்னாலே குதிரைக் குளம்படிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். கல்கியும் சாண்டில்யனும் போட்ட ராஜபாட்டை அப்படி. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னை இன்றும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படிக்கிறார்கள். ஆனால் அது பிள்ளைகளுக்கென்று எழுதப்பட்டதல்ல. வீடே உட்கார்ந்து படித்த கதை. வாண்டுமாமாவை முடித்த பிள்ளை நேராக வந்தியத்தேவனின் குதிரையில் ஏற வேண்டியிருக்கிறது. பதினைந்திலிருந்து பதினெட்டு வயது வரையுள்ள வாசகரை மனத்தில் வைத்து எழுதிய சரித்திரக் காதல் கதைகள் நம்மிடம் குறைவு.

என் முதல் நாவலை அந்த வயதுக்காரர்களுக்காகத்தான் எழுதினேன். கதை நடப்பது 1914-ஆம் ஆண்டு மதராஸில். ஒரே ஒரு நாவல் எழுதியவரின் பேச்சு இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே இந்த அத்தியாயத்தைப் படியுங்கள். அனுபவசாலிகள் மறந்துபோகிற சில சின்ன விஷயங்கள் புதியவருக்குப் பச்சையாக நினைவிருக்கும், அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த வகைக் கதைக்குத் தனியாக ஒரு வில்லன் வேண்டாம். முறைமாமன், பேராசைக்காரச் சித்தி, மீசை முறுக்கும் ஜமீன்தார், யாரும் வேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுத்த ஆண்டில், அந்த வயதில், அந்த வீட்டில் பிறந்த ஒரு பெண் தன் விருப்பப்படி என்னவெல்லாம் செய்ய முடியும் என்று அளந்து பாருங்கள். அந்த அளவுதான் உங்கள் கதையின் மொத்த நிலம். அதற்குள் அவள் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் வாசகருக்குப் படபடப்பைத் தரும். அதை மீறி அவளைத் துள்ளவிட்டால், இன்றைய கல்லூரி மாணவிக்குப் பாவாடை தாவணி கட்டிவிட்டதுபோல் ஆகிவிடும்.

ஒரே ஆண்டு, நான்கு பெண்கள்

ஆண்டைத் தீர்மானித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். 1914-ல் பதினேழு வயதான நான்கு பெண்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாமவள் அக்ரகாரத்துப் பெண். அவளுக்குப் பெரும்பாலும் கல்யாணம் ஆகிப் பல வருடங்கள் கடந்திருக்கும். இடுப்பில் குழந்தையும் இருக்கலாம். பெண்ணின் திருமண வயதைப் பதினான்கு என்று வைத்த சாரதா சட்டம் வந்ததே 1929-ல். நடைமுறைக்கு வந்தது 1930 ஏப்ரலில். அதற்கு முன் இருந்ததெல்லாம் 1891-ன் சம்மத வயதுச் சட்டம். அது சொன்ன வயது பன்னிரண்டு. திருமண வயதைப் பற்றி அது பேசவே இல்லை.

இரண்டாமவள் அதே அக்ரகாரத்தில் தாலியறுத்த சிறுமி. அவளுக்கு மறுமணம் செய்ய 1856-லேயே சட்டம் இடம் கொடுத்துவிட்டது. தெரு இடம் கொடுக்கவில்லை. அவளுக்கு ஒரு வாசல் திறந்திருந்தது: சகோதரி சுப்புலட்சுமி. பதினொரு வயதில் கைம்பெண்ணாகி, 1911-ல் பட்டம் பெற்று, தன்னைப் போன்ற சிறுமிகளை வைத்துக்கொண்டு எழும்பூரில் இல்லம் தொடங்கியவர் அவர். இந்தப் பெண்ணின் கதையை எழுதலாம். ஆனால் மாதவையாவின் ‘முத்துமீனாக்ஷி’யிலிருந்து எத்தனையோ பேர் அந்தத் துயரத்தை எழுதிவிட்டார்கள். புதிதாகச் சொல்ல உங்களிடம் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாமவள் பெரம்பூர்ப் பக்கத்தில் பின்னி ஆலைத் தொழிலாளியின் மகள். அவளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்று மிகக் குறைவு. ஆகவே அவளை எழுதுகிறவருக்கு உழைப்பு மூன்று மடங்கு. யாராவது எழுதினால் முதல் பிரதியை நான் வாங்குவேன்.

நான்காமவள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். மிஷன் பள்ளியில் படித்தவள். பதினேழு வயதில் அவள் கல்யாணமாகாமல் இருப்பதும், மேலே படிக்க மதராஸ் வருவதும் ஊருக்கு வியப்பாக இருக்கும், நடக்காத காரியமல்ல. அந்த ஆண்டு ஜூலையில்தான் கடற்கரையில் மதராஸ் மகளிர் கல்லூரி திறக்கப்பட்டது. அதுவே 1917-ல் ராணி மேரி கல்லூரி ஆனது. முதல் வருடம் படித்தவர்கள் நாற்பது பேருக்கும் குறைவு. முதல்வர் டி லா ஹே என்ற ஆங்கிலேயப் பெண்மணி.

நான் எடுத்துக்கொண்டது இந்த நான்காமவளை. அவளுக்கு எஸ்தர் என்று பெயர் வைத்தேன். அவள் திருவல்லிக்கேணியில் பெரியப்பா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். பெரியப்பா மிஷன் பள்ளியில் தமிழ்ப் பண்டிதர். நான்கு பெண்களில் இவளுக்குத்தான் கதவுகள் அதிகம். ஆனாலும் அவற்றின் சாவி ஒன்றுகூட அவள் கையில் இல்லை. கதைக்கு அதுதான் வேண்டும்.

சட்டத்தைப் படிக்காமல் காதலை எழுதாதீர்கள்

இதை வறட்டு ஆலோசனை என்று தள்ளிவிட வேண்டாம். காதலர்கள் கடைசியில் என்ன செய்ய முடியும் என்பது சட்டப் புத்தகத்தில்தான் இருக்கிறது. என் நாவலில் பையன் இந்து, அச்சுக்கூடத்தில் கம்பாசிட்டர். 1872-ன் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும், கல்யாணம் செல்லும். ஆனால் இருபத்தொரு வயது நிறையாதவருக்குத் தகப்பனாரின் சம்மதம் வேண்டும். ஆக, எஸ்தரின் காதலுக்கு வழி உண்டு. அது பாளையங்கோட்டையில் இருக்கும் அப்பாவின் ‘சரி’ என்ற ஒரு சொல்லில் தொங்குகிறது. அல்லது நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். பதினேழு வயதில் நான்கு வருடம் என்பது ஓர் ஆயுள்.

இருவரும் வெவ்வேறு சாதி இந்துக்களாக இருந்திருந்தால் கதையே வேறு. அதே 1872-ல் வந்த மூன்றாம் சட்டத்தின்படி பதிவுத் திருமணம் செய்ய, தாங்கள் இந்து மதத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல என்று இருவரும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓடிப்போய் மாலை மாற்றிக்கொண்டார்கள் என்று சுலபமாக முடித்துவிடும் நாவலாசிரியர், அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும் காட்சியை இழந்துவிடுகிறார்.

இருவரும் எங்கே சந்திப்பார்கள்?

பதின்வயதுக் காதல் கதைக்கு இதைவிடக் கடினமான கேள்வி கிடையாது. 1914 மதராஸில் கல்லூரி கேன்டீன் இல்லை. கடற்கரையில் ஜோடியாக நடக்க முடியாது. மின்சார ட்ராம் 1895-லிருந்து ஓடுகிறது. அதில் ஏறி ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசினால் மறுநாள் காலை பெரியப்பாவுக்குத் தெரிந்துவிடும். சினிமாப் பாட்டு கிடையாது. தமிழ் பேசும்படம் வந்ததே 1931-ல். கடிதம் எழுதலாமா? தபால் கார்டு காலணா, ஆனால் தபால்காரர் தொடங்கித் தெருவே படித்துவிடும். அரையணா கவரில் எழுதினால் யாரும் படிக்க முடியாது. ஆனால் ஒரு பெண்ணின் பெயருக்குக் கவர் வந்தாலே வீட்டில் விசாரணை.

இப்படி வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும்போது சோர்ந்து, ‘தோழி மூலம் தூது’ என்ற பழைய உத்திக்குப் போய்விடாதீர்கள். அடைபட்ட வழிகளின் பட்டியலோடு சும்மா உட்கார்ந்திருங்கள். அந்தக் காலத்தில் மட்டுமே இருந்த ஒரு வழி தட்டுப்படும். எனக்கு அது எப்படித் தட்டுப்பட்டது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாவலின் முதுகெலும்பு அங்கேதான் இருக்கிறது.

தமிழில் காதல் எழுதும் எவருக்கும் வரும் ஆசை, குறுந்தொகையிலிருந்து ஒரு பாட்டை எடுத்துப் பையன் வாயில் வைப்பது. செம்மண்ணில் மழைநீர் கலப்பதைச் சொல்லும் பாட்டு இன்று கல்யாணப் பத்திரிகை வரை வந்துவிட்டது. ஆனால் குறுந்தொகை முதன்முதலில் அச்சேறியது 1915-ல், சௌரிப்பெருமாள் அரங்கனார் பதிப்பாக. உ.வே.சா.வின் பதிப்பு 1937-ல். 1914-ல் அந்தப் பாட்டு சுவடி வைத்திருந்த ஒருசில புலவர்களுக்கு மட்டுமே தெரிந்திருக்கும். பாரதியின் பக்கம் போகலாம் என்றால் அவர் அப்போது புதுச்சேரியில் இருக்கிறார். ‘கண்ணன் பாட்டு’ புத்தகமாக வந்தது 1917-ல். கலித்தொகை கிடைக்கும், அது 1887-லேயே அச்சில் வந்துவிட்டது. ஐங்குறுநூறும் 1903-ல் வந்துவிட்டது. நற்றிணை? பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரையோடு 1915-ல்.

1915-ல் வெளிவரும் புத்தகம் 1914-ல் எங்கே இருந்திருக்கும்? ஏதோ ஒரு அச்சுக்கூடத்தில், ஈய எழுத்துகளாக, புரூஃப் தாள்களாக இருந்திருக்கலாம் என்று கற்பனை செய்ய நாவலாசிரியருக்கு உரிமை உண்டு. அந்த எண்ணம் வந்த மாலையிலேயே பையனுக்குக் கம்பாசிட்டர் வேலை கொடுத்துவிட்டேன்.

அச்சுக் கோக்கிறவரின் வேலையைக் கிட்டத்தில் பாருங்கள். எதிரே சாய்வாக எழுத்துப் பெட்டி. சின்னச் சின்ன அறைகளில் ஈய எழுத்துகள். இடக்கையில் கம்போசிங் ஸ்டிக். கண் மூலப்படியில் இருக்க, வலக்கை பார்க்காமலே எழுத்தைப் பொறுக்கி அதில் அடுக்கும். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருக்கும். வரி தலைகீழாக நிற்கும். ஆகவே அந்தப் பையன் யாரும் படிக்காத ஒரு காதல் பாட்டை எல்லாருக்கும் முன்னால், தலைகீழாக, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் படிக்கிறான். அர்த்தம் பாதிதான் புரிகிறது. புரூஃபை எடுத்துக்கொண்டு பண்டிதர் வீட்டுக்கு வருகிறான்.

புரூஃப் ஒப்புநோக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, மற்றவர் புரூஃபில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போவார். பெரியப்பாவுக்குக் கண்ணில் புரை. அவர் சாய்வு நாற்காலியில், பையன் திண்ணையில், பெண் நிலைப்படிக்கு உள்ளே. தண்ணீர் கேட்டால் அவனுக்குத் தனிச் செம்பு. பெரியம்மா அதை நினைவாக எடுத்துத் தருவதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன், சாதியைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. அவன் மூலத்தை வாசிக்கிறான், எஸ்தர் புரூஃபைப் பார்க்கிறாள்.

“பெரியப்பா, இந்த எடத்துல ஒரு புள்ளி விட்டுப்போச்சே.”

“எங்கம்மா?”

“மூணாவது அடியில.”

“திருத்திடுறேங்க,” என்கிறான் அவன், அவளைப் பார்க்காமல்.

இரண்டு பேரும் ஊரறிய, பெரியவர் முன்னிலையில், உலகத்தின் மிக நல்ல காதல் பாட்டுகளை ஒருவருக்கொருவர் உரக்க வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் எழுத்துப் பிழைதான் பார்க்கிறார்கள். அடுத்த வாரப் புரூஃபில் மசி பட்ட கட்டைவிரல் ரேகை ஒன்று ஓரத்தில் விழுந்திருக்கிறது. அவள் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நாவலில் அவர்களுக்குள் நடக்கும் தொடுகை அவ்வளவுதான். எந்த நூலின் புரூஃப் என்றும் நாவலில் நான் பெயர் சொல்லவில்லை. தெரிந்தவருக்குத் தெரியும், தெரியாத பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

தேதியைச் சரிபார்ப்பது சுமை என்று நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். குறுந்தொகைப் பாட்டை மேற்கோள் காட்ட இடம் கிடைத்திருந்தால் ஒரு சாதாரணக் காட்சி கிடைத்திருக்கும்.

உடல் விஷயத்தில் எங்கே நிறுத்துவது என்று புதிதாக எழுதுகிறவர்கள் கேட்கிறார்கள். வாசகரும் பாத்திரமும் பதினெட்டுக்குக் கீழே. 2012-ன் போக்சோ சட்டத்தில் அவர்கள் குழந்தைகள். சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் மாறாது. இந்த வயதுக் காதலில் வாசகர் தேடுவது படுக்கையறையை அல்ல, ஒருவர் தன்னைக் கவனித்துவிட்டார் என்று தெரியவரும் அந்த நிமிடத்தை.

பெரிய நிகழ்ச்சியை எங்கே வைப்பது?

1914 செப்டம்பர் 22 இரவு, ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மதராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்தன. உயர் நீதிமன்ற வளாகத்திலும் குண்டு விழுந்தது. அதைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் அங்கே இருக்கிறது. மறுநாளிலிருந்து மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தவர்கள் ஏராளம். நவம்பர் 9-ஆம் தேதி கோக்கோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி எம்டனை முடித்துவைத்தது.

இவ்வளவு பெரிய சம்பவம் கையில் கிடைத்ததும், கதாநாயகன் தீக்குள் பாய்ந்து கதாநாயகியைத் தூக்கி வர வேண்டும் என்று கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். எண்ணெய்த் தொட்டி இருந்தது துறைமுகத்தில். எஸ்தர் இருப்பது திருவல்லிக்கேணியில். அவள் மொட்டைமாடியிலிருந்து வடக்கே வானம் சிவந்திருப்பதைப் பார்க்க முடியும். அவ்வளவுதான் பார்க்கிறாள். ஆனால் அந்தக் குண்டு அவள் வாழ்க்கையில் விழுவது இரண்டு நாள் கழித்து, அப்பாவின் தந்தியாக: உடனே புறப்பட்டு வா. சரித்திரம் சாதாரண வீட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் இந்த வழியில்தான். படிப்பு நிற்கிறது, புரூஃப் நிற்கிறது, எழும்பூர் ஸ்டேஷனில் ரயில் நிற்கிறது. அவன் அங்கே வர முடியுமா, வந்தால் என்ன சொல்லிக்கொண்டு வருவான்? அந்த அத்தியாயத்தை எழுதும்போதுதான் எனக்கே கை நடுங்கியது.

எம்டனைப் பற்றிப் பேசும்போது செண்பகராமன் பிள்ளையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். அவர் அந்தக் கப்பலில் இருந்து மதராஸைத் தாக்க வழிகாட்டினார் என்ற கதை நம்மிடம் செல்வாக்கானது. ஆனால் அந்தச் சமயத்தில் அவர் ஐரோப்பாவில் இருந்தார் என்பதையே சான்றுகள் காட்டுகின்றன. ‘வதந்தியாக ஒரு பாத்திரம் சொல்லட்டுமே’ என்று தப்பிக்கவும் பார்க்கக் கூடாது. வதந்திக்கும் பிறந்த தேதி உண்டு, இது பின்னாளில் வளர்ந்தது. இளம் வாசகர்கள் சரித்திரத்தை உங்கள் நாவலிலிருந்துதான் முதன்முதலில் தெரிந்துகொள்வார்கள். அவர்களிடம் கள்ள நாணயத்தைக் கொடுக்காதீர்கள்.

பேச்சும் நடையும்

ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’, மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ இரண்டையும் படியுங்கள். அவற்றை நகலெடுக்க வேண்டாம்; அந்தக் காலத்து வீட்டில் யார் யாரை எப்படி அழைத்தார்கள், கோபம் வந்தால் எப்படிப் பேசினார்கள் என்பதைக் காதில் வாங்கிக்கொள்ளப் படியுங்கள். சந்தேகமான சொல்லுக்கு 1862-ல் வந்த வின்சுலோ அகராதியும், 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் உண்டு. ஆனால் பக்கத்துக்குப் பத்து வடசொல் போட்டு மணிப்பிரவாளம் ஆக்கிவிட்டால் பதினாறு வயதுப் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். விவரிப்பு இன்றைய தமிழில் எளிமையாக இருக்கட்டும்; உரையாடலில் மட்டும் காலத்தின் வாடை அடித்தால் போதும்.

பழைய பத்திரிகைகளுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், அரசு ஆவணங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம், வீட்டிலிருந்தே பார்க்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம். தலையங்கத்தை விட விளம்பரங்களை அதிகம் பாருங்கள். என்ன விற்றார்கள், என்ன விலை, எதற்கு வெட்கப்பட்டார்கள், எந்த வியாதிக்குப் பயந்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். சேகரித்ததில் பத்தில் ஒரு பங்கைத்தான் நாவலில் போட வேண்டும். மீதியைப் போடாமல் இருப்பது மனவலிதான், வேறு வழியில்லை.

முடிவு

காதல் கதை என்றால் கல்யாணத்தில் முடிய வேண்டும் என்று யார் சொன்னது? பதினேழு வயதுப் பெண்ணைக் கல்யாணம் செய்துவைத்து ‘சுபம்’ போடுவது 1914-ல் வெற்றி. இன்று படிக்கும் பெண்ணுக்கு அது வெற்றியாகப் படாது. அதற்காகச் சாகடிக்கவும் வேண்டாம். துயர முடிவுதான் இலக்கியம் என்ற எண்ணம் நம் எழுத்தாளர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. இளம் வாசகருக்கு அது சலிப்பூட்டும் ஏமாற்று. எஸ்தர் திரும்ப மதராஸ் வந்து இன்டர்மீடியட் பரீட்சை எழுதுகிறாள். அச்சான புத்தகம் பெரியப்பா பெயருக்குப் பார்சலில் வருகிறது. மூன்றாவது அடியில் புள்ளி இருக்கிறதா என்று அவள் பார்க்கிறாள். அவளுக்கு இருபத்தொரு வயதாக இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. காதல் நிறைவேறுமா என்று நான் சொல்லவில்லை, ஆனால் நிறைவேறக்கூடிய ஒரு வழியைச் சட்டத்திலும் கதையிலும் திறந்து வைத்தேன். இந்த வகைக்கு நான் சிபாரிசு செய்யும் முடிவு அதுதான்.

முதல் படி தயாரானதும் அதை எழுத்தாள நண்பர்களுக்கு அனுப்பாதீர்கள். பதினாறு வயதுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரிடம் கொடுங்கள். ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்பார்கள், அதில் பிரயோஜனமில்லை. எந்தப் பக்கத்தில் செல்போனை எடுத்தீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து திருத்த ஆரம்பியுங்கள்.